முதலில் டயர் காற்றைக் குறைக்கப் பழகுங்கள்

நான்கு சக்கரத்துக்கும் என்ஜின் சக்தி போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கி, காடு மேடு சுற்றி வெளியில் தங்கிப் பழக நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ரூஃப் டென்ட் (வண்டியின் கூரைமேல் விரிக்கும் கூடாரம்) நல்லது?" என்பதுதான். அடுத்தது முன்னால் மாட்டும் இரும்பு பம்பர், அதற்கடுத்தது கூரையில் வரிசையாக எல்.இ.டி. விளக்கு. இதில் எனக்கு நெடுநாளாக ஒரு உறுத்தல் இருக்கிறது. வாங்க வேண்டிய வரிசை அப்படியே தலைகீழாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நல்ல காற்றழுத்த மீட்டர், பேட்டரியில் நேரடியாகக் கவ்வி ஓட்டும் ஒரு கம்ப்ரஸர், ஒரு மண்வெட்டி. இந்த மூன்றும் சேர்ந்தாலும் ரூஃப் டென்ட் விலையில் ஒரு சிறு பங்குதான் வரும். ஆனால் வண்டி போன இடத்திலிருந்து திரும்பி வருமா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. கூடாரம் எது என்பது ராத்திரி எப்படித் தூங்குவோம் என்பதோடு முடிந்துபோகும்.

பம்பரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முன்னால் பொருத்தும் புல் பார், கிராஷ் கார்டு வகைகளுக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை சொல்லிவிட்டது. வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும். செக்போஸ்ட்டில் அபராதம் கட்டுவதைவிடப் பெரிய தொல்லை, விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைக் காரணம் காட்டிக் கையை விரிக்கக்கூடும் என்பது. தொடங்கும் ஆளுக்குக் கம்பெனி கொடுத்த வண்டியே தாராளம்.

எடைக் கணக்கு

மாருதி ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். ஆட்டோமேட்டிக் வண்டியின் வெற்று எடை 1,210 கிலோ. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வண்டியின் மொத்த எடை இருக்கலாம் என்று சொல்லப்பட்டிருப்பது 1,545 கிலோ. ஆக நமக்குக் கிடைப்பது 335 கிலோ. 75 கிலோ ஆட்கள் நான்கு பேர் ஏறினால் 300 போய்விடும், மீதி 35 கிலோவில் ஒரு முகாமை ஏற்ற முடியாது. அதனால் ஜிம்னி இரண்டு பேருக்கான முகாம் வண்டி என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இரண்டு பேர் 150, தண்ணீர் 30, தரைக் கூடாரமும் படுக்கையும் 20, அடுப்பு பாத்திரம் சாப்பாடு 20, கம்ப்ரஸர், கயிறு, மண்வெட்டி, புதைந்த சக்கரத்துக்கு அடியில் செருகும் பல் வைத்த மீட்புப் பலகைகள் 30, துணிமணி 15. மொத்தம் 265. இன்னும் 70 கிலோ கையில் இருக்கிறது.

இப்போது தரைக் கூடாரத்தை விட்டுவிட்டு ரூஃப் டென்ட்டை வைத்துப் பாருங்கள். இருவர் படுக்கும் டென்ட் 50லிருந்து 70 கிலோ வரை வரும், அதைத் தாங்கும் கேரியர் இன்னொரு 25, 30 கிலோ. கணக்கு 335ஐ நெருங்கிவிடுகிறது, கனமான டென்ட் என்றால் தாண்டியே விடுகிறது. அதைவிட முக்கியம், ஜிம்னியின் கூரைக்குச் சுசூகி கொடுத்திருக்கும் வரம்பு வெறும் 30 கிலோ. "கூரைமேல் இரண்டு பேர் படுக்கலாம், ஒன்றும் ஆகாது" என்று விற்பவர் சொல்வது நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குப் பொருந்தும். ஓடும் வண்டியில், குழியில் இறங்கி ஏறும்போது கூரைச் சுமை பக்கவாட்டில் ஆடும், அந்த அதிர்ச்சியைக் கணக்கில் வைத்துத்தான் ஓடும்போதைய வரம்பைக் குறைத்து வைக்கிறார்கள். வண்டி பக்கச் சரிவில் சாய்ந்து போகும்போது உச்சியில் இருக்கும் 80 கிலோ செய்யும் வேலையை, தரையோடு ஒட்டிக் கிடக்கும் 80 கிலோ செய்யாது. மஹிந்திராவின் மூன்று கதவு 'தார்' வண்டியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சாஃப்ட் டாப் வெறும் துணி, ஹார்டு டாப்பும் உலோகக் கூரை அல்ல.

கனமான சாமான் முன், பின் அச்சுகளுக்கு நடுவில், தரைமட்டத்தில், முன் இருக்கைகளின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். தண்ணீர்க் கேனுக்குத்தான் அந்த முதல் இடம். 20 லிட்டர் கேன் 20 கிலோ, அதை டிக்கியில் சும்மா வைத்துவிட்டு வேகமாகப் பிரேக் போட்டால் நம் கழுத்துக்குத்தான் வந்து சேரும். எலாஸ்டிக் கொக்கிக் கயிறுகளை நம்பாதீர்கள், அவை நீளும். ராட்செட் (நெம்பி இறுக்கும் பிடி) போட்ட பட்டையால் வண்டியின் தரையில் இருக்கும் கொக்கிகளில் இறுக்கிக் கட்டுங்கள். அரை மணி நேரம் கல்ரோட்டில் ஓடிய பிறகு நிறுத்தி மறுபடி ஒருமுறை இறுக்குங்கள், கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும்.

காற்று

டயரில் காற்றைக் குறைப்பது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். சாமானோடு 1,400 கிலோ இருக்கும் வண்டியில் ஒரு சக்கரத்தின்மேல் சுமார் 350 கிலோ. டயரில் காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. (மீட்டர் காட்டும் அலகு) இருந்தால் அது ஒரு சதுர செ.மீ.க்கு 2.25 கிலோ. 350ஐ அதால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 155 சதுர செ.மீ. காற்றை 16க்கு இறக்கினால் அதுவே 310 ஆகிறது. டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் சுமை தாங்குவதால் நிஜத்தில் இது சற்று மாறும், ஆனால் போக்கு இதுதான். அந்தக் கூடுதல் பரப்பு பெரும்பாலும் அகலத்தில் வருவதில்லை, நீளத்தில் வருகிறது. டயர் முன்னும் பின்னும் நீண்டு படுப்பதால் மணலை வெட்டாமல் மிதித்து ஏறிப் போகிறது. கல் பாதையில் இதே தளர்ந்த டயர் கூரான கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கும், பஞ்சரும் குறையும், உள்ளே இருப்பவர்களின் இடுப்பும் பிழைக்கும்.

எனக்குச் சரியாகப் படும் அளவுகள்: மண்சாலைக்கும் ஜல்லிக்கும் 24 முதல் 26, பாறைப் பாதைக்கு 18 முதல் 22, மணலுக்கு 15 முதல் 18. மாட்டிக்கொண்டால் மட்டும் 12. அதற்குக் கீழே சாதாரண ரிம்மில் போகக் கூடாது, ஒரு வளைவிலேயே டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 16இல் ஓட்டும்போது ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது என்பதும் அதனால்தான். வேகம் 30, 40ஐத் தாண்டக் கூடாது. தளர்ந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரிவதால் பக்கச்சுவர் சூடாகும், அந்த நிலையில் தார்ச்சாலையில் 80இல் போனால் டயர் உள்ளுக்குள்ளேயே கிழியும். தார் ஏறும் முன் காற்றடித்தே ஆக வேண்டும், கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கம்ப்ரஸர் வாங்கும்போது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னப் பெட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். நான்கு டயருக்கு 16லிருந்து 32க்கு ஏற்றும் அளவு இழுக்கும் மோட்டாருக்கு அது போதாது, ஃபியூஸ் போய்விடும் அல்லது இரண்டாவது டயரிலேயே பெட்டி சூடாகி நின்றுவிடும். பேட்டரி முனைகளில் கவ்வும் வகையை வாங்கி, என்ஜினை ஓடவிட்டு அடியுங்கள். இரண்டு டயருக்குப் பிறகு கம்ப்ரஸருக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். காற்று இறக்க வால்வ் முள்ளை ஒரு குச்சியால் அழுத்திக்கொண்டிருந்தாலும் போதும், நேரம்தான் ஆகும். மீட்டர் மட்டும் தரமானதாக இருக்கட்டும். 15க்கும் 20க்கும் வித்தியாசம் தெரியாத மீட்டரால் பயனில்லை.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் பார்ட் டைம் ஃபோர் வீல்தான், வேண்டும்போது மட்டும் லீவரைப் போட்டு நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுக்கும் வகை. 2ஹெச் என்றால் இரண்டு சக்கரம், 4ஹெச் என்றால் நான்கு சக்கரமும் வழக்கமான கியரில், 4எல் என்றால் நான்கு சக்கரமும் மெதுவான, வலுவான கியரில். முன் அச்சும் பின் அச்சும் 4ஹெச்சில் இறுகப் பூட்டிக்கொள்ளும், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுக்கொண்டு வளைந்தால் இரண்டு அச்சும் ஒன்றையொன்று முறுக்கும், ஸ்டீயரிங் கல்லாகும், கடைசியில் இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் செலவு வைக்கும். மண், மணல், சேறு, சரளை எங்கும் போடலாம், தார்ச்சாலையில் போடாதீர்கள். 4எல் வேகத்துக்கானது அல்ல, செங்குத்தான ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உரியது. இறக்கத்தில் 4எல், முதல் கியர், இரண்டு காலும் பெடலை விட்டு விலகி இருக்க வேண்டும், வண்டியை என்ஜின் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் உள்ளூர் ஜீப்பில் முன் இருக்கையில் உட்கார்ந்து டிரைவர் அண்ணனின் கால்களைப் பாருங்கள். பிரேக்கை எவ்வளவு குறைவாகத் தொடுகிறார், எந்தக் கல்லின்மேல் சக்கரத்தை ஏற்றுகிறார், எதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுகிறார் என்று கவனித்தால் ஒரு பயிற்சி வகுப்பு முடிந்த மாதிரி.

சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கும்போது

எல்லாம் ஒரு சில நொடிகளில்தான் நடக்கும். மணலில் வண்டி வேகம் குறைவது இடுப்பில் தெரியும், உடனே கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். என்ஜின் சத்தம் ஏறும், ஸ்பீடோமீட்டர் 30, 40 என்று காட்டும், ஜன்னலுக்கு வெளியே தெரியும் புதர் மட்டும் நகராது. அந்த இடத்தில் காலை எடுப்பவர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். எடுக்காதவருக்குச் சாயங்காலம் முழுக்க வேலை இருக்கிறது. சுற்றும் சக்கரம் தனக்கடியில் இருக்கும் மணலைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டே கீழே இறங்குகிறது. சில நொடியில் ரிம் வரை, இன்னும் சில நொடியில் அச்சு வரை. அச்சும் வண்டியின் வயிறும் மணலில் உட்கார்ந்துவிட்டால் எடை முழுக்க வயிற்றுக்குப் போய்விடும். சக்கரத்தின்மேல் எடையே இல்லாமல் பிடிப்பு எங்கிருந்து வரும்?

அதனால் புதைவதாகத் தோன்றிய உடனே காலை எடுங்கள். பிரேக் மிதிக்காதீர்கள், மிதித்தால் முன் சக்கரங்களுக்கு முன்னால் மணல் குவிந்து ஒரு வரப்பு ஆகிவிடும். வண்டி தானாக நிற்கட்டும். ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா என்று ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள், இந்தப் பதற்றத்தில் சக்கரம் திரும்பியிருப்பதே தெரியாது. பிறகு ரிவர்ஸில், மெதுவாக, ஒரே ஒருமுறை முயலுங்கள். வந்த தடத்தில் மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், பாதி நேரம் வண்டி அந்தத் தடத்திலேயே பின்னால் வந்துவிடும். சக்கரம் அரைச் சுற்று வீணாகச் சுற்றினால்கூட நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

இறங்கியதும் மண்வெட்டிக்கு முன் மீட்டரை எடுங்கள். 18இல் இருந்தால் 15, 15இல் இருந்தால் 12. அடுத்து வயிற்றைப் பாருங்கள். டிஃப் குண்டு (அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் கூடு) மணலில் பதிந்திருந்தால் அதன் அடியில் கை நுழையும் அளவுக்குத் தோண்டி விடுங்கள். எல்லோரும் டயரைத்தான் தோண்டுவார்கள், வயிற்றை மறந்துவிடுவார்கள், வண்டி நகராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான். பிறகு வெளியேறும் திசையில் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் சரிவாக வெட்டுங்கள். குழியிலிருந்து மேலே ஏறும் சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு எளிது. பலகைகள் இருந்தால் அவற்றின் பல் டயரைத் தொடும்படி உள்ளே செருகுங்கள். உடன் வந்தவர்கள் இறங்கிப் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். பின்னால் நின்று தள்ளவே கூடாது, சக்கரம் பலகையைத் துப்பினால் அது கால் எலும்பை உடைக்கும் வேகத்தில் வரும். 4எல், இரண்டாவது கியர், கிளட்ச்சை நிதானமாக விட்டு, சக்கரம் சுற்றாத அளவுக்கு மட்டும் ஆக்சிலேட்டர். பிடித்து ஏறியதும் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள், கெட்டியான தரை வரை போய், முடிந்தால் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். பலகையை நடந்து வந்து எடுத்துக்கொள்ளலாம். மணலில் ஓட்டும்போது ஈ.எஸ்.பி.யை, அதாவது வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு அமைப்பை, அணைத்து வைப்பதும் அவசியம். சக்கரம் லேசாகச் சுற்றினாலே அது என்ஜின் சக்தியை வெட்டிவிடும், வேகம் வேண்டிய இடத்தில் வண்டி சோர்ந்துபோகும்.

கரிசல் மண்ணுக்கு இந்த வைத்தியம் செல்லாது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் மழைக்குப் பின் கரிசலில் இறங்கினால் டயரின் பள்ளங்களெல்லாம் அடைத்துக்கொண்டு நான்கும் வழுக்கு உருளைகள் ஆகிவிடும். காற்றைக் குறைத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான், இறங்காமல் இருப்பது. மாட்டியாகிவிட்டது என்றால் வெயில் ஏறி மண் காயும்வரை காத்திருப்பது.

கயிறு

இன்னொரு வண்டி இழுத்து மீட்கும் வேலையில்தான் உயிர் போகிறது, இதைச் சொல்லாமல் விட முடியாது. மீள்தன்மை உள்ள கைனடிக் கயிறு ரப்பர் மாதிரி நீண்டு, தேக்கிய சக்தியால் புதைந்த வண்டியைப் பிடுங்கி எடுக்கும். அந்தச் சக்தி வண்டியின் எந்தப் பகுதியில் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்காக இருக்கும் டோ பந்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது ஒடிந்தால் துப்பாக்கிக் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும், வெளிநாடுகளில் அப்படிப் பலர் இறந்திருக்கிறார்கள். பம்பரில் திருகி மாட்டும் டோ கொக்கியும் சாலையில் மெல்ல இழுக்க மட்டும்தான். சேசிஸோடு சேர்ந்த, சுமை அளவு குறிக்கப்பட்ட மீட்புப் புள்ளி வேண்டும். கயிற்றை அந்தப் புள்ளியில் இணைக்கும் ஷாக்கிள் என்ற இரும்பு வளையத்தை வாங்கும்போது 4.75 டன் என்று அதன் உடலிலேயே பொறித்திருக்க வேண்டும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எழுத்தில்லாத இரும்பு வேண்டாம். கயிற்றின் உடையும் திறன் வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தால் சரி. ஜிம்னிக்கு 4, 5 டன். "இருக்கட்டும்" என்று 12 டன் கயிறு வாங்கினால் இவ்வளவு லேசான வண்டிக்கு அது நீளவே நீளாது, வெறும் இரும்புக் கம்பி மாதிரி உதறும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனமான துணிப்பையோ ஈரச் சாக்கோ தொங்கட்டும், ஆட்கள் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

எங்கே நிறுத்துவது

தமிழ்நாட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. காப்புக்காடும் சரணாலயமும் அனுமதியின்றி நுழைய முடியாத இடங்கள். மேகமலை 2021லிருந்து புலிகள் காப்பகத்தின் பகுதி. மணல் ஓட்டிப் பழகலாம் என்று தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிக்காட்டைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள், ஆனால் அங்குள்ள குதிரைமொழித் தேரி காப்புக்காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத் தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு வனத்துறையின் கெடுபிடி கூடியிருக்கிறது, கூடட்டும் என்றே நினைக்கிறேன். கோடைகாலத்தில் காட்டோரம் விறகு மூட்டி உட்காருவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அடுப்பு போதும். கடற்கரையில் சட்டப்படி ஓட்ட வேண்டுமானால் கேரளத்தில் கண்ணூர் அருகே முழப்பிலங்காடு இருக்கிறது. லடாக்கில் ஹுண்டர் மணல்மேட்டில் கார் ஏற்றிய சுற்றுலாப் பயணிக்கு 2022இல் 50,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்த மணலும் அதன் ஓரப் புதர்களும் அவ்வளவு எளிதில் மீளாதவை.

ஆகவே முதல் பயணம் பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டு, வீட்டிலிருந்து 100, 150 கிலோமீட்டருக்குள், ஒரே ஒரு ராத்திரி. ஜவ்வாது மலை, கொல்லிமலை, சிறுமலை அடிவாரங்களில் தோட்டக்காரர்கள் தயங்காமல் இடம் கொடுப்பார்கள். "அண்ணே, ராத்திரி மட்டும் வண்டிய நிறுத்தித் தங்கிக்கிறோம், நெருப்பு போட மாட்டோம், குப்பையக் கையோட எடுத்துட்டுப் போயிடுவோம்" என்று சொன்னாலே பாதிப் பேர் சம்மதிப்பார்கள். யானை வருமா என்று அவரிடம் கேளுங்கள், வரும் என்றால் வேறு இடம் பாருங்கள். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும்.

இடம் தேர்வில் மூன்று விஷயங்கள் போதும். காய்ந்து கிடக்கும் ஓடையில் கூடாரம் வேண்டாம், மலைமேல் பெய்த மழை சத்தமில்லாமல் ராத்திரி கீழே வந்துசேரும். தென்னைக்கு அடியில் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வெளிச்சம் இருக்கும்போதே, நாலரை மணிக்குள், போய்ச் சேருங்கள். இருட்டில் இடம் தேடும்போதுதான் முதல் இரண்டையும் மறந்துபோகிறோம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், கோடையில் இன்னும் கூடுதல். முதல் ராத்திரிக்கு ஃபிரிட்ஜ் எதற்கு? புளிசாதமும் எள்ளுப் பொடியும் வற்றலும் கட்டிக்கொண்டு போனால் மறுநாள் காலை வரை தாங்கும், அதற்கென்றே நம் பாட்டிமார் அந்தக் கட்டுச்சோற்றை வடிவமைத்து வைத்திருக்கிறார்கள். காலையில் காப்பிக்கும் உப்புமாவுக்கும் ஒற்றை பர்னர் அடுப்பு. கூடாரத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளோ அடுப்பும் கரியும் எரியவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே முடித்துவிடும். பின்னாளில் ஸ்பிதி, லடாக் என்று போகும்போது அடுப்புக்கான சாதாரண பியூட்டேன் வாயுக் குப்பி கைகொடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பியூட்டேன் ஆவியாகும் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழே, விடியற்காலைக் குளிரில் குப்பி நிறைய இருந்தும் அடுப்பு எரியாது. புரோப்பேன் கலந்த குப்பியோ மண்ணெண்ணெய் அடுப்போ வேண்டும். அந்தப் பக்கத்து ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்பதும் அதே குளிரின் கணக்குதான். இமாச்சலத்தில் கிராம்ஃபூவிலிருந்து ஸ்பிதியின் காசா போகும் வழியில் இருக்கும் பாகல் நாலா என்ற ஓடை, பனி உருகும் பிற்பகலில் காலையில் பார்த்ததைவிடப் பல மடங்கு பொங்கும்.

திரும்பும் வழியில்

தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் நான்கு டயருக்கும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடித்து, 2ஹெச்சுக்கு மாற்றி, ஸ்டெப்னியின் காற்றையும் பார்த்துவிடுங்கள். வீல் நட்டுகளை ஸ்பேனரால் ஒருமுறை இறுக்குங்கள். 70, 80இல் ஸ்டீயரிங் உதறினால் வீல் அலைன்மென்ட் போய்விட்டது என்று பதறி உடனே கடைக்கு ஓட வேண்டாம். ரிம்மின் உள்பக்கத்தில் ஒட்டிக் காய்ந்த சேறு ஒரு பக்கமாகக் கனக்கிறது, அவ்வளவுதான். ஒரு குச்சியால் சுரண்டி, பங்க் ஓரத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் மட்டும் பேலன்ஸிங் பார்க்கலாம். கடற்கரைப் பக்கம் போயிருந்தால் அடிப்பாகம் முழுவதையும், முக்கியமாகச் சேசிஸின் துளைகளுக்குள்ளும் பிரேக் குழாய்கள் ஓடும் இடங்களிலும், அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.